பழைய லேப்டாப்பில் அடிக்கடி அறுந்துபோகும் வைஃபை: இன்டெல் ஏஎக்ஸ்200, இன்டெல் 7260, யூஎஸ்பி டாங்கிள் – எதை வாங்கலாம்?

ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வைஃபை கட் ஆகும் பழைய லேப்டாப்புக்குக் கடையில் மூன்று வழி சொல்வார்கள்: உள்ளே மாட்டும் இன்டெல் ஏஎக்ஸ்200 கார்டு, அதற்கு முந்தைய இன்டெல் 7260, வெளியே செருகும் யூஎஸ்பி டாங்கிள். 2013லிருந்து 2018 வரை வாங்கிய லேப்டாப் என்றால் முதல் இரண்டில் ஒன்றுக்குச் செலவு செய்யுங்கள். டாங்கிளை மூன்றாவதாக வையுங்கள். ஆனால் கம்ப்யூட்டர் உதிரிப் பொருட்களுக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்புவதற்கு முன்னால், பழுது கார்டில்தானா என்று பார்த்துவிட வேண்டும். கார்டை மாற்றிய பிறகும் அதே மாதிரி அறுந்தால் பணம் போனதுதான்.

கமாண்ட் பிராம்ப்ட் விண்டோ இரண்டைத் திறங்கள். ஒன்றில் ரௌட்டரின் எண்ணுக்கு, பெரும்பாலும் 192.168.1.1, இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8க்கு நிற்காமல் பிங் (பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) ஓடட்டும். நெட் அறுகிற நேரத்தில் இரண்டையும் பாருங்கள். 8.8.8.8 மட்டும் நின்று, ரௌட்டர் ஒழுங்காகப் பதில் சொன்னால் பழுது வெளியே வரும் லைனில். எந்தக் கார்டும் அதைச் சரிசெய்யாது. இரண்டும் நின்றால், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்றால் லேப்டாப் ரௌட்டரோடு இணைந்துதான் இருக்கிறது, காற்றில் நெரிசல் அல்லது சிக்னல் பலவீனம். ‘ஜெனரல் ஃபெயிலியர்’ என்றால் லேப்டாப்பே இணைப்பை விட்டுவிட்டது. டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), மின்சேமிப்பு, அல்லது கார்டு தளர்ந்த கோளாறு. பக்கத்து அறையிலிருந்து ரௌட்டருக்கு 2, 3 மில்லிசெகண்டில் வர வேண்டிய பதில் திடீரென 300, 800 என்று ஏறி இறங்கினால் அது நெரிசலின் கையெழுத்து.

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும், வரிசையாகப் போர்ஷன் விட்ட வீடுகளிலும் இந்த ஏற்ற இறக்கம்தான் அதிகம் தெரியும். சுவருக்குச் சுவர் ஒரு ரௌட்டர், எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில். அந்தப் பட்டையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். ரௌட்டரில் சேனலை இந்த மூன்றில் ஒன்றுக்கும், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்கும் மாற்றுங்கள். 40இல் வைத்தால் பாதிப் பட்டையை நீங்களே அடைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாரின் சத்தத்தையும் சேர்த்து வாங்குவீர்கள். சேனல் 12, 13 வேண்டாம். சில பழைய கார்டுகளுக்கு அவை கண்ணிலேயே படாது. பாதுகாப்பை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று வையுங்கள். டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறை இருந்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். டபிள்யூபிஏ3 மட்டும் என்றால் பழைய கார்டு பல நேரம் இணையவே இணையாது. ரௌட்டர் இரும்பு பீரோ மேலேயோ பரணிலேயோ இருந்தால் முதலில் அதைக் கீழே இறக்குங்கள்.

‘ஜெனரல் ஃபெயிலியர்’ வந்தவர்கள் டிவைஸ் மேனேஜருக்குப் போய், நெட்வொர்க் அடாப்டர்ஸில் வைஃபை கார்டின் பிராப்பர்ட்டீஸைத் திறக்க வேண்டும். பவர் மேனேஜ்மென்டில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் அடாப்டரை மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போட்டதும் கார்டே காணாமல் போகிறது என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைக்க வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்த கோளாறு என்றால், ரோல் பேக் டிரைவரை அழுத்திப் பழைய டிரைவருக்கே திரும்புங்கள். இவ்வளவுக்கும் ஒரு ரூபாய் செலவில்லை.

இதெல்லாம் முடிந்தும் தீராதபோதுதான் கார்டு. விலை குறைந்த பழைய மாடல்கள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த, ஒற்றை ஆன்டெனா கார்டுதான் வந்தது. ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ, பிராட்காம் பிசிஎம்43142 எல்லாம் அந்த ரகம். 20 மெகாஹெர்ட்ஸில் இவற்றின் உச்ச இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ். கைக்கு வருவது நாற்பது, ஐம்பது. நூறு எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு இதில் பார்ப்பது வீண். ப்ளூடூத்தும் அதே ஆன்டெனாவைப் பங்கு போட்டுக்கொள்வதால், ஹெட்செட் மாட்டியதும் வீடியோ கால் திக்கும்.

7260 என்பது 2013இல் வந்த கார்டு. இரண்டு ஆன்டெனா, இரண்டு பட்டை, 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ் வரை இணைப்பு. பழைய ஸ்லாட்டுக்கான அரை மினி கார்டு, பிந்தைய ஸ்லாட்டுக்கான எம்.2 என இரண்டு வடிவத்திலும் வந்தது. பழைய மினி கார்டு ஸ்லாட் உள்ளவர்களுக்கு இதுதான் நல்ல பொருத்தம். விண்டோஸ் 7க்கும் டிரைவர் உண்டு. கடைகளில் பெரும்பாலும் கழற்றிய சரக்காகத்தான் கிடைக்கும் என்பதால், தங்க முலாம் பூசிய விரல்களில் கறுப்புக் கோடு இருக்கிறதா, ஆன்டெனா ஒயர் மாட்டும் குமிழ்கள் நசுங்கியிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

ஏஎக்ஸ்200 வைஃபை 6 கார்டு, எம்.2 2230 அளவு, 22க்கு 30 மில்லிமீட்டர். எம்.2 ஸ்லாட் உள்ள லேப்டாப்புக்கு எங்கள் தேர்வு இதுவே. ரௌட்டர் பழையதாக இருந்தாலும் பலன் உண்டு; 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினாலே பக்கத்துப் போர்ஷன்களின் நெரிசல் விலகிவிடும், அந்த அலைகள் சுவரைத் தாண்டி அவ்வளவாக வருவதில்லை. அதே காரணத்தால் உங்கள் ரௌட்டரும் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருக்க வேண்டும். இரண்டு பட்டைக்கும் இரண்டு பெயர் வைத்துவிடுங்கள். விண்டோஸ் டிரைவர் 10இன் 64 பிட்டிலிருந்துதான். லினக்ஸ் என்றால் கர்னல் 5.1க்கு மேல். கடையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவாகச் சொல்வார்கள். அவை புதிய இன்டெல் பிராசஸரோடு மட்டும் பேசும் பாதிக் கார்டுகள், பழைய லேப்டாப்பில் உயிரே வராது. லேபிளில் 200 அல்லது 210 என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

லேப்டாப் பக்கமும் ஒரு பூட்டு உண்டு. பழைய ஹெச்பி, லெனோவோ மாடல்கள் சில தங்கள் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட் ஆகாமல் நிற்கும். லெனோவோ திங்க்பேடில் 1802 என்ற எண்ணோடும், ஹெச்பியில் 104 என்ற எண்ணோடும் செய்தி வரும். டெல், ஏசர், ஏசஸ் பொதுவாக இப்படித் தடுப்பதில்லை. அந்தப் பூட்டு உள்ள மாடல்களுக்கு டாங்கிள்தான்.

மாட்டுவது அரைமணி வேலை. பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கார்டின் மேல் இரண்டு மெல்லிய ஒயர் முடிந்திருக்கும், கறுப்பும் வெள்ளையும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. குமிழுக்கு அடியில் நகத்தையோ பிளாஸ்டிக் நெம்பியையோ கொடுத்து நேராக மேலே தூக்க வேண்டும். சாய்த்தால் நடு ஊசி வளையும். மாட்டும்போது குமிழைச் சரியாக நடுவில் உட்கார வைத்து, விரல் நுனியால் அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது வராமல் மூடினால் சிக்னல் ஒரு கோட்டோடு நிற்கும். மினி கார்டின் குமிழ் பெரியது, எம்.2வின் குமிழ் சிறியது. ஒன்றின் ஒயர் மற்றதில் உட்காராது. உள்ளே ஒரே ஒயர்தான் இருக்கிறது என்றால் கூடவே ஒட்டும் ஆன்டெனா ஒன்றும் வாங்க வேண்டும்.

இந்த ஒயர்கள் கீல் வழியாகத்தான் திரைக்கு ஏறுகின்றன. கீல் உடைந்து திருகாணி போட்ட லேப்டாப்பில் அங்கேதான் ஒயர் நசுங்கும். பிங் ஓடும்போது மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். அசைவோடு சிக்னல் விழுந்து எழுந்தால் புதுக் கார்டு வாங்கிப் பயனில்லை, ஒயரை மாற்றச் சொல்லுங்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் இன்னொரு பகை உப்புக்காற்று. குமிழைத் தூக்கினால் அடியில் பச்சையாகப் பூத்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷைத் தோய்த்துத் துடைத்து, கார்டின் தங்க விரல்களை வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் நான்கைந்து முறை இழுத்து, தூளைத் தட்டிவிட்டு மாட்டுங்கள். வாங்க வந்த கார்டை வாங்காமலே திரும்பும் அளவுக்குச் சில நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

டாங்கிளுக்கு வருவோம். டிபி-லிங்க் ஆர்ச்சர் டி2யூ நானோ போன்ற கட்டைவிரல் நகத்தளவு ரகம் இரண்டு பட்டையும் பேசும், 5 கிகாஹெர்ட்ஸில் 433 எம்பிபிஎஸ் இணைப்பு, யூஎஸ்பி 2.0. வாடகை லேப்டாப்புக்கும், பிரித்தால் உடையும் உடம்புக்கும் போதும். ஆன்டெனா சின்னது என்பதால் தூரம் போனால் சோர்ந்துவிடும். இரண்டு அறை தாண்ட வேண்டுமென்றால் நீள ஆன்டெனா வைத்த டி2யூ பிளஸ் மேல். நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. 2012இல் இன்டெல்லே இதை விளக்கி ஒரு அறிக்கை வெளியிட்டது. டாங்கிளை எதிர்ப்பக்கத் துளையில், அரை மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டு, மேஜை மேல் தள்ளி வையுங்கள்.

எதைப் போட்டாலும், பழைய கார்டையும் அதன் திருகையும் ஜிப் வைத்த கவரில் போட்டு வைத்துக்கொண்டு, அதே இரண்டு பிங் விண்டோவை ஒரு மணி நேரம் மறுபடி ஓட விடுங்கள். ரௌட்டர் பக்கம் ஒரு பதிலும் தவறவில்லை என்றால் அடி மூடியின் மற்றத் திருகுகளையும் போட்டு முடிக்கலாம்.