‘எஃப்.ஐ. டியூனிங் பாக்ஸ்’ வாங்கும் எண்ணம் இருக்கிறதா? உள்ளே என்ன இருக்கிறது என்று சுரண்டிப் பார்த்துவிட்டேன்

பைக்கின் எஃப்.ஐ.யை (பெட்ரோலை அளந்து தெளிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வீட்டிலேயே டியூன் செய்துகொள்ளலாம், ஜெர்க் போய்விடும், மைலேஜும் கூடும் என்று சொல்லி இன்ஸ்டாகிராமில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி விற்கிறார்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, வெளியே இரண்டு வயர், மேலே மினுங்கும் நீல லைட். விலை 3,499 ரூபாய். பெயரையும் ஸ்டிக்கரையும் மாற்றி மாற்றி விற்பதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. பெட்டி எப்படி வேலை செய்கிறது, விற்பவர் எப்படிப் பேசுகிறார் என்று தெரிந்துகொண்டால் போதும், எந்தப் பெயரில் வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் எஃப்.ஐ. வந்துவிட்டது. முன்பெல்லாம் வண்டி திணறினால் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிப் பார்ப்போம். இப்போது திருப்ப எதுவும் இல்லை. புகை விதிக்காகப் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் மெதுவாகப் போகும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது என்று ஒரு பேச்சு எல்லாப் பைக்காரர்களிடமும் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள். இப்போது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் பயத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்: ‘இ20-க்கு ஒரே தீர்வு’ என்று.

என் வண்டி 2021 மாடல், 150 சிசி. மதுரை டிராஃபிக்கில் மூன்றாவது கியரில் 30-இல் உருட்டிக்கொண்டு போனால் உதறும். அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு மெசேஜ் போட்டேன். “ப்ரோ, உங்க வண்டிக்கு ஸ்பெஷல் மேப் லோட் பண்ணித் தர்றோம்” என்றார்கள். மேப் என்றால் எப்போது எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்ற அட்டவணை. வண்டி மாடல், வருஷம், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் கேட்டு வாங்கினார்கள். கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, யு.பி.ஐ. மட்டும். ஏழு நாள் ரிட்டர்ன் உண்டு என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதித் தந்தார்கள்.

பெட்டியோடு ஒரு வீடியோ லிங்க் வந்தது. த்ராட்டில் பாடியில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) இருக்கும் சென்சார் கனெக்டரைத் தேடு, அதில் இன்ன நிற வயரை வெட்டு, வெட்டிய இரண்டு முனையிலும் பெட்டியின் இரண்டு வயரைக் கிளிப் போட்டு இணை, அவ்வளவுதான். மாட்டி ஸ்டார்ட் செய்தால் முதல் சுற்றில் வண்டி நிஜமாகவே மாறித்தான் இருந்தது. ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் இழுவை கொஞ்சம் கொழுப்பாக வந்தது. அந்த முதல் சுற்றை வைத்துத்தான் எல்லோரும் கமெண்ட்டில் ‘சூப்பர் ப்ரோ’ போட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஒரு வாரத்துக்குள் அந்த மாற்றம் கரைந்துவிட்டது. உதறல் பழையபடி இருந்தது, பெட்ரோல் வாடை மட்டும் கூடுதல். கேட்டேன். வந்த பதில்: “300 கிலோமீட்டர் ஓட்டுங்க ப்ரோ. இ.சி.யூ. கத்துக்கணும். அப்புறம்தான் ரிசல்ட் தெரியும்.”

இ.சி.யூ. என்பது எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்யும் சின்னக் கம்ப்யூட்டர். இந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோசடி முழுதும் இதற்குள்தான் இருக்கிறது. ஆபீஸ் போய் வருகிற ஒருவர் 300 கிலோமீட்டர் ஓட்டி முடிப்பதற்குள் ஏழு நாள் ரிட்டர்ன் முடிந்துவிடும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இ.சி.யூ. கற்றுக்கொள்வது உண்மைதான், ஆனால் அது கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ளப் பெட்டியின் வேலை குறையத்தான் செய்யும். கூடுவதற்கு வழியே இல்லை. எப்படி என்று பெட்டியைத் திறந்த பிறகு தெளிவாகப் புரிந்தது.

பெட்டி முழுக்கக் கறுப்பு எபாக்ஸி ஊற்றி அடைத்திருந்தார்கள். சால்டரிங் அயர்னால் சூடு காட்டிக் காட்டிக் கத்தியால் சுரண்டினேன். நாற்றம் தாங்கவில்லை, இதை வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யாதீர்கள். உள்ளே நீல லைட்டுக்கு ஒரு பட்டன் செல் தனியாக. அதற்கும் இரண்டு வயருக்கும் சம்பந்தமே இல்லை, சும்மா மினுங்குவதற்காக. இரண்டு வயருக்கும் நடுவில் ஒரே ஒரு ரெசிஸ்டர். மஞ்சள், ஊதா, சிவப்பு, கடைசியில் தங்கக் கோடு. அதாவது 4.7 கிலோ ஓம். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக்குக் கிடைக்கும் சாமான். சிப் இல்லை, மெமரி இல்லை, ‘ஸ்பெஷல் மேப்’ லோட் பண்ண இடமே இல்லை. வண்டி மாடலும் வருஷமும் எதற்குக் கேட்டார்கள் என்று யோசித்தால் சிரிப்புதான் வருகிறது.

அவர்கள் வெட்டச் சொன்னது, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சென்சாரின் வயர். அந்தச் சென்சாரில் காற்று குளிரக் குளிர ரெசிஸ்டன்ஸ் ஏறும், சூடாகச் சூடாக இறங்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது மதுரை வெயிலில் என் சென்சார் இரண்டு கிலோ ஓமுக்கும் கீழே காட்டியது. அதோடு தொடரில் 4.7 கிலோ ஓம் சேர்ந்தால் ஆறைத் தாண்டிவிடும். இந்த வகைச் சென்சாருக்கு அது கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரி. வெளியே 35 டிகிரி கொளுத்துகிறது, இ.சி.யூ.வோ வண்டி பனிக்கட்டி நடுவே நிற்கிறது என்று நம்புகிறது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட தெர்மாமீட்டரை வெந்நீரில் முக்கிக் காட்டும் பையன் வேலைதான் இது, என்ன, இங்கே திசை தலைகீழ். குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், அடர்த்திக்கு ஏற்றபடி பெட்ரோல் கூட்ட வேண்டும். 35 டிகிரிக்கும் பூஜ்ஜியத்துக்கும் அடர்த்தி வித்தியாசம் சுமார் 12 சதவீதம். ஏறத்தாழ அவ்வளவு பெட்ரோலை இ.சி.யூ. கூடுதலாகத் தெளிக்கப் பார்க்கும். முதல் நாள் கிடைத்த அந்த இழுவை இதுதான்.

ஆனால் சைலன்சர் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் ஒன்று காவல் இருக்கிறது. எஞ்சின் சூடாகி ஒரே சீராக ஓடும்போது இ.சி.யூ. அதன் பேச்சைத்தான் கேட்கும். பெட்ரோல் கூடிவிட்டது என்று அது சொல்லச் சொல்ல இ.சி.யூ. குறைத்துக்கொண்டே வரும், குறைத்த அளவை ஞாபகத்திலும் வைத்துக்கொள்ளும். சில நாளில் பெட்டி கூட்டியதை இ.சி.யூ. கழித்துவிடும். நான் ஜெர்க் போகவேண்டும் என்று ஆசைப்பட்டது 30-இல் உருட்டும் வேகத்தில். அந்த இடத்தில் பெட்டியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதும், திருகி முறுக்கும்போதும் மட்டும் ஆக்சிஜன் சென்சாரின் பேச்சு எடுபடாது. அங்கே பெட்ரோல் வீணாய்ப் போகும். லிட்டருக்கு 48 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 42-க்கு வந்ததும், கழற்றிப் பார்த்த பிளக் அடுப்புக்கரி நிறத்தில் இருந்ததும் இதனால்தான். இப்படியே நெடுநாள் ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் எரிந்து அதைக் கெடுக்கும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் 3,499 ஒன்றுமே இல்லை.

அடுத்த சங்கடம் மழையில் வந்தது. அவர்கள் கொடுத்த மலிவு கிளிப்பில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்து, தொடர்பு விட்டு விட்டு வந்தது. மீட்டரில் மஞ்சள் எஞ்சின் லைட் எரிய ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டருக்குப் போனால் வெட்டிய வயரைப் பார்த்த உடனே வாரண்டியில் வராது என்றார்கள். வயரிங் முழுசையும் மாற்ற வேண்டும், ஆறாயிரத்துக்கு மேல் ஆகும் என்று ஒரு எஸ்டிமேட்டையும் கையில் கொடுத்தார்கள். ஒரே ஒரு வயர் வெட்டுக்கு முழு வயரிங்!

கடைசியில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். வயரைச் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடினார். ஸ்கேனரை மாட்டி இ.சி.யூ. கற்று வைத்திருந்ததை அழித்தார். இது முக்கியம்: பெட்டியைச் சும்மா கழற்றிவிட்டால், இ.சி.யூ. முன்பு கழித்த அளவையே கொஞ்ச காலம் கழித்துக்கொண்டிருக்கும், வண்டி இன்னும் அதிகமாக உதறும். ‘பெட்டி இருந்தப்பவே பரவாயில்லை’ என்று தோன்றுவது இதனால்தான். அப்புறம் அண்ணன் செயினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, செயின் இப்படித் தொட்டில் கட்டித் தொங்குனா எந்த வண்டிதான் உதறாது?” என்றார்.

செயினை மேனுவலில் சொன்ன அளவுக்கு இழுத்து வைத்தார். ஆக்ஸிலேட்டர் கேபிளில் கூடுதலாக இருந்த தொய்வை எடுத்தார். த்ராட்டில் பாடியைத் திறந்து காட்டினார், காற்றைத் திறந்து மூடும் பட்டர்ஃப்ளை தகட்டின் ஓரத்தில் கரி வட்டமாகப் படிந்திருந்தது. கிளீனரை நேரே உள்ளே அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைத்தார், சென்சார் பக்கம் இறங்கக்கூடாது என்பதற்காக. பெயின்ட் வைத்திருக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவில் கை வைக்கவே இல்லை. அது கம்பெனியில் வைத்த அளவு, திருப்பினால் ஐடிலிங் மொத்தமும் குழம்பிவிடும். ஏர் ஃபில்டர் புதிது, பிளக் புதிது. உதறல் முக்கால்வாசி போய்விட்டது. மீதியோடு வாழ முடிகிறது.

எஃப்.ஐ. டியூனிங் என்பதே பொய் என்று சொல்லவில்லை. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் கனெக்டரில் இடைமறித்து, ஆர்.பி.எம்.முக்கும் த்ராட்டிலுக்கும் தகுந்தபடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் நிஜமான கருவிகள் இருக்கின்றன. அவற்றை லேப்டாப்பில் மாட்டி மேப்பைப் பார்க்கலாம். காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் வைத்து அளந்து அளந்து மாற்ற வேண்டிய வேலை அது. பத்து நிமிடத்தில் ஒரு வயரை வெட்டி முடிகிற காரியம் இல்லை.

பணத்துக்கு என்ன ஆயிற்று? ரிட்டர்ன் கேட்டதும் முதலில் ‘நாள் தாண்டிடுச்சு ப்ரோ’, அப்புறம் ‘சீல் உடைச்சிட்டீங்க’, அப்புறம் பிளாக். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். வாட்ஸ்அப் உரையாடல், யு.பி.ஐ. ரசீது, கூரியர் கவர், திறந்த பெட்டியின் படம் எல்லாவற்றையும் இணைத்தேன். 2020-இன் மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்பவர் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் காட்ட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். இவர்கள் பக்கத்தில் ஒரு போன் நம்பரைத் தவிர எதுவும் இல்லை. கூரியர் கவரில் இருந்த அனுப்புநர் முகவரியில் கதவு எண்கூடக் கிடையாது. இதை எழுதும் வரை ஒரு ரூபாயும் திரும்பி வரவில்லை.

யாராவது இதே மாதிரி பெட்டி வாங்க நினைத்தால், பணம் அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது இன்ஜெக்டர் கனெக்டரில் மாட்டுமா, இல்லை ஏர் டெம்பரேச்சர் வயரிலா? வேறு நம்பரிலிருந்து நானே அவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். “அது கம்பெனி சீக்ரெட் ப்ரோ” என்று வந்தது. அடுத்த மெசேஜ் போவதற்குள் அந்த நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள்.