கூர்முனையா, கம்பளிப்பூச்சியா? இரண்டு ஜெர்மன் ஹெல்மெட்டுகள்

1870 செப்டம்பர் 1. பிரான்சும் ஜெர்மன் அரசுகளும் மோதிய போர். பிரான்சின் செடான் நகரை ஒட்டிய பஸேய் கிராமத்தில் விடிவதற்கு முன்பே வீட்டுக்கு வீடு சண்டை. ஒரு பக்கம் பிரெஞ்சுக் கடற்படைக் காலாட்கள். எதிரே வந்தவர்கள் ஜெர்மானியர்கள். ஆனால் அந்தக் காலத்து ஜெர்மன் சிப்பாய் என்றதும் நம் கண்ணில் வரும் கூர்முனைத் தொப்பி அவர்கள் தலையில் இல்லை. அவர்கள் ஹெல்மெட்டின் மேல், நெற்றியில் தொடங்கிப் பிடரி வரை, கறுப்பாகத் தடித்த ஒரு கொண்டை வளைந்து கிடந்தது. அவர்கள் பவேரியர்கள். ஜெர்மனி இன்னும் ஒரே நாடாகவில்லை; பவேரியா, பிரஷ்யா என்று தனித்தனி அரசுகள், தனித்தனிப் படைகள். அதே போரில் அதே பக்கம் நின்ற பிரஷ்யச் சிப்பாயின் தலையில்தான் கூர்முனை.

நான்கே வருஷம் முன்பு, ஆஸ்திரியாவோடு சேர்ந்து பவேரியா பிரஷ்யாவை எதிர்த்த 1866 போரில், இந்த இரண்டு ஹெல்மெட்டுகளும் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டவை. அதனால் இரண்டில் எது நல்ல வடிவமைப்பு என்ற கேள்வியை அலங்காரப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. என் ஓட்டு பிரஷ்யாவுக்கு. ஏனென்று சொல்கிறேன்.

முதலில் பவேரியாவுடையது, அதுதான் மூத்தது. 1800 வாக்கில் வந்த இதன் பெயர் ராவ்பென்ஹெல்ம். ஜெர்மனில் ராவ்பெ என்றால் கம்பளிப்பூச்சி. தமிழில் சொல்லும்போது பெயர் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் சாதாரணச் சிப்பாயின் கொண்டை உண்மையிலேயே கம்பளி. அதிகாரிக்குக் கரடித்தோல். கீழே கெட்டியான தோல் கூடு, முன்னால் நிழல்தட்டு. வாள் மேலிருந்து இறங்கினால் வெட்டை அந்த அடர்ந்த கொண்டை வாங்கிக்கொள்ளும். குதிரைப்படை பாய்ந்து வந்து வெட்டிய நெப்போலியன் காலத்துக்கு நியாயமான யோசனைதான். தூரத்திலிருந்து பார்த்தால் ஆளை உயரமாகவும் காட்டும். ஆனால் மழை பெய்தால் கம்பளி தண்ணீர் குடிக்கும். நனைந்த கொண்டையைத் தலையில் சுமந்தபடி நாள் முழுக்க நடப்பதை யோசித்துப் பாருங்கள்.

பிரஷ்யாவில் அதுவரை காலாட்படைக்கு இருந்தது ஷாகோ என்ற தட்டையான உச்சி கொண்ட தொப்பி. 1842 அக்டோபரில் மன்னர் நான்காம் பிரெடரிக் வில்ஹெல்ம் அதற்குப் பதிலாகக் கூர்முனை ஹெல்மெட்டை ஆணையிட்டுக் கொண்டுவந்தார். ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலாஸின் மேசையில் மாதிரியைப் பார்த்துவிட்டு வந்து முந்திக்கொண்டார் என்றொரு கதை உண்டு. கதை எப்படியோ, ரஷ்யப் படைக்கு இதே பாணி ஹெல்மெட் 1844-ல்தான் வந்தது. அதன் உச்சியில் தீப்பிழம்பு எழும் எறிகுண்டு வடிவம்.

இந்தப் பிரஷ்ய ஹெல்மெட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பதப்படுத்தி அச்சில் இழுத்துக் கெட்டியாக்கிய தோல், மேலே கறுப்பு அரக்குப் பூச்சு. வழவழப்பான வளைந்த பரப்பு, ஆகவே தண்ணீர் நிற்காது, வாளும் வழுக்கிப் போகும். பின்பக்கம் தோலைத் தைத்த மூட்டின் மேல் உச்சியிலிருந்து கீழ்வரை ஒரு பித்தளைப் பட்டை ஓடும், முதுகெலும்பு மாதிரி. அது மூட்டை மறைக்கிறது, கூட்டை விறைப்பாகவும் பிடிக்கிறது. பின்னால் நீளும் மடல் மழைநீரைக் கழுத்துக்குள் விடாது. முனையின் அடித்தண்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். தலைச்சூடு அந்த வழியாக வெளியேறும். பார்ப்பவரை மிரட்ட வைத்தது என்று நாம் நினைக்கும் முனைக்குள் ஒரு புகைபோக்கி வேலை நடக்கிறது. எனக்கு இந்த ஹெல்மெட்டில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

குறையே இல்லையா? இருந்தது. 1842 மாதிரி தேவைக்கு மேல் உயரம். கவிஞர் ஹைன்ரிச் ஹைனே 1844-லேயே, இந்த முனை வானத்து மின்னலைத் தலைக்கு இழுத்து வந்துவிடும் என்று கேலி செய்துவிட்டார். பித்தளைச் சின்னம் வெயிலில் பளபளத்து ஆள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பீரங்கிப் படைக்கு 1844-லேயே முனையை எடுத்துவிட்டு உருண்டை வைத்தார்கள். யேகர் என்னும் குறிசுடும் வேட்டைப் படையினருக்கோ, 1850-களில் மறுபடி ஷாகோவே வந்தது.

இனிதான் என் ஓட்டுக்கான காரணம். பிரஷ்யர்கள் தங்கள் ஹெல்மெட்டை வெட்டிக்கொண்டே வந்தார்கள். 1857-ல் உயரம் குறைந்தது. 1860-ல் இன்னும் குறைந்தது. 1867-ல் எடையும் செலவும் மிச்சம் என்று நிழல்தட்டின் உலோக விளிம்பையும் பின்பக்க முதுகுப்பட்டையையும் எடுத்தே விட்டார்கள். அது சரிப்படவில்லை, முதுகுப்பட்டை 1871 மாதிரியில் திரும்பி வந்தது. தப்பு செய்து, தப்பை ஒப்புக்கொண்டு, திருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாக மாற்றக்கூடியதாக இருந்ததால்தான் இது முடிந்தது. அணிவகுப்பா, முனையைக் கழற்றிவிட்டுக் குதிரைமயிர்க் குஞ்சம் செருகலாம். பளபளப்பு ஆபத்தா, 1892-ல் துணியுறை போட்டார்கள். வேறு ஜெர்மன் அரசின் படையா, முன்சின்னத்தை மட்டும் மாற்றினால் போதும்: பிரஷ்யாவுக்குக் கழுகு, சாக்சனிக்கு நட்சத்திரம்.

ராவ்பென்ஹெல்மில் இதற்கு இடமில்லை. கொண்டைதான் ஹெல்மெட். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தோல் தொப்பி. 1868-ல் அதையும் சீர்திருத்தினார்கள், ஆனால் கம்பளிப்பூச்சி கம்பளிப்பூச்சியாகவே இருந்தது.

ஆனால் அது இவ்வளவு காலம் நீடித்ததற்குத் தோலும் கம்பளியும் காரணமில்லை. 1870 நவம்பரில், உருவாகவிருந்த ஜெர்மன் பேரரசில் சேர ஒப்பந்தம் போட்டபோது, சமாதானக் காலத்தில் தன் படை தன் மன்னரின் கீழேயே இருக்கும் என்று பவேரியா எழுதி வாங்கிக்கொண்டது. சாக்சனி 1867-லும் வூர்ட்டம்பெர்க் 1871-லும் கூர்முனைக்கு மாறிவிட்டன. பவேரியா மாறவில்லை. மன்னர் இரண்டாம் லுட்விக் இருந்தவரை கொண்டையும் இருந்தது. தன் நாடு இன்னும் தன் நாடுதான் என்பதற்கு ஒரு சிப்பாயின் தலையைவிடக் கண்ணில் படும் இடம் ஏது? பயன்பாட்டில் தோற்ற ஹெல்மெட்டாக இருந்தாலும், அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனசை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

1886 ஜூன் 13 அன்று ஸ்டார்ன்பெர்க் ஏரியில் லுட்விக் இறந்து கிடந்தார். அதே வருஷம், ஆட்சிப் பொறுப்பேற்ற இளவரசர் லுயிட்போல்ட் காலத்தில், பவேரியப் படைக்கும் கூர்முனை வந்தது. அப்போதும் நெற்றியில் பிரஷ்யக் கழுகு ஏறவில்லை. சிங்கங்கள் தாங்கும் பவேரிய அரசுச் சின்னமும், ‘விசுவாசத்தில் உறுதி’ என்று பொருள்படும் வாசகமும் பொறித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் நிழல்தட்டை வளைவாக்கிய பிறகும் இவர்களுடையது சதுர மூலையோடு நீடித்தது.

இங்கோல்ஸ்டாட்டில் இருக்கும் பவேரிய ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் ஹெல்மெட்டுகளை முன்னாலிருந்து மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். சின்னமும் கொண்டையும் கண்ணை இழுக்கத்தான் செய்யும். முடிந்தால் பக்கவாட்டில் போய்ப் பின்பக்கத்தைப் பாருங்கள். தோல் மூட்டின் மேல் அந்தப் பித்தளைப் பட்டை இருக்கிறதா, இல்லையா என்று.