சுவைச் சொற்களுக்கு ஓர் அகராதி: தமிழ்ப் பேரகராதியின் இணையப் பதிப்பு பற்றிய மதிப்புரை

சமையற்குறிப்புகளைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மொழிபெயர்ப்பது என் தொழில். அதற்காக நாள்தோறும் நான் திறந்து வைத்திருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, பின்னர் இணைப்புத் தொகுதியும் சேர்ந்த இந்த அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னகராதித் தளத்தில் இன்று எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட ஒரு பெருநூலை முழுமையாக மதிப்பிடுவது என் நோக்கம் அன்று. நாக்கும் பல்லும் அறியும் அன்றாடச் சொற்களுக்கு, அதாவது சுவையையும் பதத்தையும் குறிக்கும் சொற்களுக்கு, அது எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன். மொழிபெயர்ப்பில் என்னை மிகுதியும் இடறச் செய்தவை அரிய சொற்கள் அல்ல. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து முறை புழங்கும் சொற்களே.

சில மாதங்களுக்கு முன் யாழ்ப்பாணத்துச் சமையற்குறிப்பு ஒன்று என்னிடம் வந்தது. அதில் "உறைப்புக் கூடினால் கொஞ்சம் தேங்காய்ப்பால் விடவும்" என்று ஒரு வரி இருந்தது. வேலை நெருக்கடியில் அந்தப் பக்கத்தை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுத்தேன். குழம்பு உறைந்து போனால் தேங்காய்ப்பால் சேர்க்க வேண்டும் என்ற பொருளில் ஆங்கில வாக்கியம் வந்தது. மிளகாயின் காரத்தைப் பற்றிய எச்சரிக்கை, பனிக்கட்டியைப் பற்றிய எச்சரிக்கையாகிவிட்டது. அனுப்புவதற்கு முன் கண்ணில் பட்டதால் தப்பித்தேன். அன்று மாலையே பேரகராதியில் 'உறை' என்னும் சொல்லை எடுத்து, தொடக்கம் முதல் இறுதி வரை பொறுமையாகப் படித்தேன்.

இந்த அகராதியின் அருமை அப்படிப் படிக்கும்போதுதான் தெரியும். தயிர் உறைவதும், பனி உறைவதும், ஓர் ஊரில் ஒருவர் உறைவதும் ஒரு பக்கம். மிளகாய் நாக்கில் உறைப்பதும், சொன்ன சொல் மனத்தில் உறைப்பதும் இன்னொரு பக்கம். வாளுக்குப் போடும் உறையும் பாலுக்கு ஊற்றும் உறையும் வேறொரு பக்கம். வினைகளை 'உறை-தல்', 'உறை-த்தல்' என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த வகையில் காலம் காட்டும் என்பதற்கு ஓர் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். குளிருக்கும் காரத்துக்கும் நடுவே நிற்பது அந்த ஒற்றைத் தகர ஒற்றுதான். 'உறைந்தது', 'உறைத்தது' என்று சொல்லிப் பார்த்தால் தமிழ் பேசும் குழந்தைக்கும் வேறுபாடு விளங்கும். ஆனால் அந்த வேறுபாட்டை எழுத்தில் பிடித்து, வரிசைப்படுத்தி, இன்னொருவருக்குக் காட்டக்கூடிய இடம் இது. அகராதியில் ஒரு வழக்கு இன்ன வட்டாரத்துக்கு உரியது என்று காட்டும் சுருக்கக் குறிகளும் உண்டு. யாழ்ப்பாணத்துக்குத் தனிக்குறி, நாஞ்சில் நாட்டுக்குத் தனிக்குறி. சமையற்குறிப்பு எந்த ஊர்க் கையிலிருந்து வந்தது என்று தெரிந்து மொழிபெயர்க்க வேண்டியவர்களுக்கு இந்தக் குறிகள் பெரும் உதவி.

'காரம்' என்னும் சொல்லுக்கும் இதே போன்ற கவனம் தேவை. சாப்பாட்டில் அது மிளகாயின் சுவை. பள்ளிக்கூட வேதியியலில் அமிலத்துக்கு எதிரானது. வடமொழி 'க்ஷார' என்பதிலிருந்து வந்த அந்த இரண்டாம் பொருள், தண்ணீர்ப் புட்டியிலும் சோப்பு உறையிலும் 'காரத்தன்மை' என்று அச்சாகி நம் வீடுகளுக்குள் வருகிறது. ஒரே சொல் சமையலறை அலமாரியில் ஒரு பொருளும் குளியலறை அலமாரியில் வேறொரு பொருளும் கொண்டிருப்பதை நாம் கவனிப்பதே இல்லை. 'கரிப்பு' அதைவிட நுட்பமானது. கடல்நீர் உப்புக் கரிக்கும், எண்ணெய் பட்டால் கண் கரிக்கும், வீட்டுப் பெரியவர் மருமகளைக் கரித்துக் கொட்டுவார். சுவை, எரிச்சல், சினம் என்று மூன்றாகப் பிரித்து எழுதினாலும் உள்ளே ஓடும் உணர்வு ஒன்றுதான்: உறுத்திக்கொண்டே இருப்பது.

அறுசுவை என்னும் பழைய பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்னும் ஆறில், முதல் நான்கையும் நாவின் சுவையரும்புகள் உணர்கின்றன. கார்ப்பும் துவர்ப்பும் அப்படியல்ல. மிளகாயில் உள்ள கேப்சைசின் தொடுவது சூட்டை அறியும் நரம்பு வாயிலை; ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் திறக்கும் அதே வாயில்தான் மிளகாய் பட்டாலும் திறக்கிறது. 1997இல் அதை இனங்கண்ட டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாயைக் கடித்தவர் 'எரிகிறது' என்று சொல்வது வெறும் உவமை இல்லை. உடலைப் பொறுத்தவரை அது நடந்ததை நடந்தபடி சொல்லும் சொல்.

துவர்ப்பு இன்னும் வியப்புக்குரியது. பிஞ்சு வாழைக்காயையோ கொட்டைப் பாக்கையோ கடிக்கும்போது அதிலுள்ள டானின் என்னும் பொருள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றித் திரளச் செய்கிறது. வாயின் வழுவழுப்பு போய், நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடித்தாற்போல உலர்ந்துவிடுகின்றன. ஆகவே துவர்ப்பு என்பது பெரும்பகுதி ஒரு தொடுகை, ஓர் உலர்வு. பேரகராதியில் 'துவர்' பகுதியைப் படித்துக்கொண்டு போனபோது, சுவைக்குப் பக்கத்திலேயே செந்நிறமும் (துவராடை, துவர்வாய்), உலர்தலும், ஈரம் துடைத்தலாகிய துவர்த்துதலும் வரிசையாக நிற்பதைக் கண்டேன். தென்கோடி மாவட்டங்களில் குளித்தபின் உடலைத் துடைக்கும் துண்டுக்குத் 'துவர்த்து' என்று பெயர். நாவைத் துடைத்துவிட்டது போன்ற சுவைக்கும் உடலைத் துடைக்கும் துணிக்கும் ஒரே ஒலி அமைந்திருப்பதைப் பார்த்த அன்று, மேற்கொண்டு வேலை செய்யத் தோன்றாமல் சற்று நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அதிகம் பயன்பட்ட பக்கம் எது என்று கேட்டால் 'பதம்' என்றுதான் சொல்வேன். உணவு வாயில் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் புழங்கும் டெக்ஸ்சர் என்னும் சொல் நெசவிலிருந்து வந்தது. அதையொட்டித் தமிழில் 'இழையமைப்பு' என்று எழுதுகிறார்கள். எந்தச் சமையலறையிலும் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. சமையலறையில் உள்ள சொல் பதம். அகராதி அதற்குத் தரும் பொருள்களில் சோறு உண்டு, ஈரம் உண்டு, பக்குவம் உண்டு, கத்தியின் கூர்மை உண்டு, ஏற்ற காலம் உண்டு. வேறு வழியில் வந்த சொல்லாகிய பதம் என்பதற்குச் சொல், அடி, இசைப்பாட்டு என்னும் பொருள்களும் உண்டு. உழவர் மண் பதமாக இருக்கிறதா என்று பார்ப்பதும், கொல்லர் இரும்பைப் பதம் பார்ப்பதும், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும், எல்லாமே கையால் தொட்டோ அழுத்தியோ 'இப்போது சரி' என்று தீர்மானிக்கும் ஒரு கணத்தைக் குறிப்பவை.

வெல்லப்பாகை எடுத்துக்கொள்வோம். கொதிக்கும் பாகில் ஒரு சொட்டை எடுத்து, சற்று ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லப் பிரித்தால் ஓர் இழை அறாமல் நீளும். அது கம்பிப் பதம். இன்னும் கொதிக்கவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டினால் கரையாமல் உருண்டு வரும். அது உருட்டுப் பதம். இரண்டுக்கும் இடையே சில நிமிடங்கள்தான். இந்த இடத்தில் 'பதம்' என்பதைத் தன்மை என்றோ அடர்த்தி என்றோ மட்டும் மொழிபெயர்த்தால், அதற்குள் இருக்கும் 'ஏற்ற காலம்' என்னும் பொருள் கழன்று விழுந்துவிடுகிறது. அகராதி இரண்டையும் ஒரே சொல்லின் கீழ் வைத்திருந்ததால்தான் நான் என் மொழிபெயர்ப்பில் நேரத்தையும் சேர்த்து எழுதக் கற்றுக்கொண்டேன்.

இந்தச் சேவையின் எல்லை எங்கே என்பதையும் சொல்லியாக வேண்டும். சுவைப் பெயர்களில் ஆழமாகச் செல்லும் இந்த அகராதி, மொறுமொறு, கரகர, நறநற, பிசுபிசு, வழவழ, கொழகொழ, சொதசொத, பொலபொல போன்ற இரட்டைச் சொற்களில் அதே ஆழத்துக்குச் செல்வதில்லை. இவற்றுள் பலவற்றை அது பதிவு செய்திருந்தாலும் ஒலிக்குறிப்பு, உணர்வுக்குறிப்பு என்ற அளவில் சுருக்கமாகவே விளக்குகிறது. மேற்கோள்களைப் பெரும்பாலும் இலக்கியத்திலிருந்து எடுக்கும் ஒரு நூலில் சமையலறைப் பேச்சுக்கு இடம் குறைவாக இருப்பது இயல்புதான். ஆனால் இன்று எழுதுபவருக்கு இந்தச் சொற்களே அன்றாடக் கருவி. மொறுமொறுப்பு என்பது மெல்லிய, உலர்ந்த ஏடு பல்லில் உடைவது. கரகரப்பு என்பது உடைந்த பிறகும் குருணை பல்லுக்குத் தட்டுப்படுவது. அதே சொல் கட்டிய தொண்டைக்கும் பொருந்தும். நறநற என்றால் கீரையில் மண் இருக்கிறது என்று பொருள், அல்லது எதிரில் இருப்பவர் சினத்தில் பல்லைக் கடிக்கிறார் என்று பொருள். வழவழப்பு கையில் இருந்தால் நன்று, பேச்சில் வழவழா கொழகொழா என்று இருந்தால் தீது. பிசுபிசுப்பு விரலில் ஒட்டும், ஆனால் ஒரு போராட்டம் 'பிசுபிசுத்துப் போனது' என்றால் எதுவும் யாரிடமும் ஒட்டவில்லை என்று பொருள். இவ்வாறு சொல் வாயிலிருந்து வாழ்க்கைக்கு ஏறும் படிகளைக் காட்ட எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வேண்டும். அதற்கு 1992இல் முதலில் வெளிவந்து 2008லும் 2020லும் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று சொல்லின் வயதைச் சொல்லும். மற்றது அதன் இன்றைய முகவரியைச் சொல்லும்.

தேடும் வசதியில் எனக்குப் பிடித்தது, தலைச்சொல்லை மட்டுமன்றி விளக்கங்களுக்கு உள்ளேயும் தேட முடிவது. துவர்ப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் அந்த விளக்கம் இடம்பெற்ற தமிழ்ச் சொற்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அச்சுத் தொகுதிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்ய ஒரு வாழ்நாள் போதாது. முதலில் ஆங்கில விளக்கமும் பிறகே தமிழ் விளக்கமும் வருவதால், தமிழ் மட்டும் படிப்பவர்கள் பதிவின் நடுவே கண்ணை ஓட்டிப் பழக வேண்டும். இரண்டு நாளில் பழகிவிடும். மொழிபெயர்ப்பாளர்கள், உணவைப் பற்றி எழுதுபவர்கள், தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஆகியோருக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒரு சொல்லுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உடனே வெளியேற நினைப்பவர்களுக்கு இது ஏற்றதன்று.

அந்த யாழ்ப்பாணத்துக் குறிப்பின் இறுதியில், பலகாரத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால் 'நமத்துப் போய்விடும்' என்று ஒரு வரி இருந்தது. பழையதாகிவிடும் என்றால் அது பொய். ஊறிவிடும் என்றால் அது மிகை. காற்றின் ஈரம் மெல்லப் புகுந்து, உருவம் மாறாமல் மொறுமொறுப்பு மட்டும் செத்துப்போவதே நமத்தல். அப்பளத்துக்கும் நேரலாம், பட்டாசுக்கும் நேரலாம். ஆங்கிலத்தில் அதற்கு நிகரான ஒற்றைச் சொல் கிடைக்காமல், கடைசியில் ஒரு முழு வாக்கியம் எழுதி அனுப்பினேன்.