கடைசி இலக்கம் பூச்சியமா, ஒன்றா என்று பாருங்கள்

வீட்டிலிருந்தபடியே பிள்ளையை லண்டன் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயார்செய்து தருவதாகச் சொல்லித் திருகோணமலைக்கு வந்த ஒரு நிறுவனத்திடம், சென்ற வருடம் ஜூலையிலும் இந்த வருடம் ஜனவரியிலுமாக 285,000 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயனில்லை, ஏனென்றால் பெயரை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு அதிக நேரம் எடுப்பதில்லை. அவர்கள் செய்த விதத்தை அறிந்து வைத்திருப்பதே உங்களுக்கு உதவும்.

நான் அரச அலுவலகமொன்றில் முகாமைத்துவ உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். திகதி இல்லை, கையொப்பம் இல்லை, பதிவு இலக்கம் இல்லை என்று பிறருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புவது என் அன்றாட வேலை. அப்படிப்பட்ட நான், கம்பனிப் பதிவு இலக்கமே இல்லாத பற்றுச்சீட்டொன்றை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன் என்பதை வெட்கத்துடனேயே எழுதுகிறேன்.

என் மகன் தரம் 10 முடிவதற்குள் பாடசாலையை வெறுத்துவிட்டான். காரணங்கள் பல, அவற்றை இங்கே விரிப்பது அவனுக்கு நியாயமாகாது. இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால் அந்த வயது வரும்வரை எப்படியோ இழுத்துக்கொண்டு போனேன். அதன் பிறகு அவன் காலையில் எழுந்தால் திருக்கடலூரில் என் தம்பியின் கொட்டிலுக்குத்தான் போவான். அங்கே பைபர் படகுகளின் இயந்திரங்களைக் கழற்றுவதும் பூட்டுவதுமாகப் பொழுது போகும். புத்தகம் என்றால் முகத்தைத் திருப்புகிற அதே பிள்ளை, யமஹா இயந்திரமொன்றின் ஆங்கிலக் கைநூலை எண்ணெய் படிந்த விரலால் வரிவரியாகத் தொட்டு வாசிப்பதை நான் கண்டிருக்கிறேன். கண்டும் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. கணவர் கட்டாரில் இருக்கிறார். உறவினர்கள் தொலைபேசியில் "தம்பி என்ன படிக்கிறார்?" என்று கேட்கும்போது சொல்வதற்கு எனக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. இப்போது யோசித்துப் பார்த்தால், நான் பணம் கொடுத்து வாங்கியது அந்தப் பதிலைத்தான்.

உப்புவெளியில் ஒரு விடுதி மண்டபத்தில் அவர்களுடைய கூட்டம் நடந்தது. கழுத்துப்பட்டி அணிந்த ஓர் இளைஞர் என் மகனிடம் கணினியில் இருபது கேள்விகளைக் கொடுத்தார். பத்து நிமிடத்தில், அவன் "காட்சிவழிக் கற்பவன்" என்றும், பாடசாலை அவனுக்குப் பொருந்தாமல் போனதற்கு அதுவே காரணம் என்றும், அவனுக்கேற்ற கலைத்திட்டம் தங்களிடம் இருக்கிறதென்றும் கூறினார். பிள்ளை படிக்காததற்கு ஒருவர் இவ்வளவு சுருக்கமாகக் காரணம் சொல்லிவிட்டால் தாய்க்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, அதற்கேற்பக் கற்பித்தால் தேர்ச்சி கூடும் என்ற நம்பிக்கைக்குப் போதிய சான்று இல்லை என்று ஹரோல்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008 ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதியிருப்பதைப் பிற்பாடுதான் வாசித்தேன். அந்த இருபது கேள்விகளில் ஒன்றாவது, பத்து வருடங்கள் தமிழ்மொழிமூலத்தில் படித்த ஒருவனால் முழுக்க ஆங்கிலத்தில் உள்ள புத்தகத்தைப் படித்து விளங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அக்கா, பரீட்சைப் பதிவு வரைக்கும் எல்லாத்தையும் நாங்க பாத்துக்கொள்ளுவம்" என்றார் அவர். நானும் யோசிக்கவில்லை. ஒரு சோடிக் காப்பை அடகு வைத்து முதல் தவணையாக 150,000 ரூபாயைக் கட்டினேன். வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது.

ஆகஸ்டில் இரண்டு பெட்டிகள் நிறையப் புத்தகங்கள் வந்தன. ஏழு பாடங்கள். மகன் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த இரண்டை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, மூடி வைத்தான். வாரத்துக்கு நான்கு நேரடி வகுப்புகள் என்று சொல்லியிருந்தார்கள், வந்தவை ஒளிப்பதிவுகள். பேசியவர் இந்தியாவில் வேறேதோ நிறுவனத்தில் கற்பிப்பவர் போலிருந்தார், ஏனென்றால் திரையின் வலது மூலையில் எந்நேரமும் ஒரு கறுப்புப் பட்டை எதையோ மறைத்துக்கொண்டிருந்தது. கேட்டபோது, ஆசிரியர் நோய்வாய்ப்பட்டிருக்கிறார், அடுத்த மாதம் நேரடி வகுப்புத் தொடங்கும் என்றார்கள். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை.

ஆனாலும் ஒப்படைகளுக்குப் புள்ளிகள் தவறாமல் வந்துகொண்டிருந்தன. 81, 84, 90. பாடசாலையில் கணிதத்தில் நாற்பதைத் தாண்டாத பிள்ளை இப்படி வாங்குகிறானே என்று நான் கட்டாருக்குச் செய்தி அனுப்பி மகிழ்ந்தேன். ஜனவரியில் இரண்டாவது தவணையாக 135,000 ரூபாயைக் கட்டியதும் அந்த மகிழ்ச்சியில்தான். மார்ச் மாதத்தில் ஓர் இரவு, "அட்சரகணிதத்துக்கு 87 வந்திருக்கு மகன்" என்றேன். அவன் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "அது அட்சரகணிதமில்லையம்மா. மாமாட காபரேட்டர்ர படம்."

தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். ஒப்படைக்குப் பதிலாக, செய்தித்தாள் ஒன்றின் மேல் கழற்றிப் பரப்பி வைக்கப்பட்ட காபரேட்டர் பாகங்களின் படத்தை அவன் அனுப்பியிருந்தான். இரண்டு நிமிடத்துக்குள் "மிகச் சிறந்த முயற்சி, 87 புள்ளிகள்" என்று பதில் வந்திருந்தது. நவம்பர் மாதமே ஒருமுறை வெற்றுத்தாளை அனுப்பிப் பார்த்திருக்கிறான், அதற்கு 79. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா நீங்க வேற ஏதும் கொண்டு வருவீங்க" என்றான். அவனை ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவுதான் அந்தப் புத்தகங்களை ஓர் உத்தியோகத்தரின் கண்ணால் பார்த்தேன். கணிதப் புத்தகத்தின் அட்டையில் "புதிய பதிப்பு" என்று ஒரு வில்லை ஒட்டப்பட்டிருந்தது. அதை உரித்தபோது அடியில் 4எம்ஏ0 என்ற குறியீடு இருந்தது. லண்டன் சாதாரண தரம் என்று நாங்கள் சொல்வது, எடெக்செல் என்ற பிரித்தானிய நிறுவனம் நடத்தும் சர்வதேச ஜீ.சீ.எஸ்.ஈ. பரீட்சையைத்தான். அதில் கணிதம் 'ஏ' பாடத்தின் இப்போதைய குறியீடு 4எம்ஏ1; அதற்கான முதற் பரீட்சை 2018 இலேயே நடந்துவிட்டது. பௌதிகவியலிலும் அதே கதைதான்: எங்களிடம் இருந்தது 4பீஎச்0, நடைமுறையில் இருப்பது 4பீஎச்1, முதற் பரீட்சை 2019. பழையதில் பெறுபேறு ஏ ஸ்டாரிலிருந்து ஜீ வரை. புதியதில் 9 இலிருந்து 1 வரை. நியாயமாகச் சொல்வதானால், கணிதத்தில் பெரும்பகுதி இரண்டிலும் ஒன்றுதான், பழைய புத்தகத்தைப் படித்தால் பிள்ளை கெட்டுப்போய்விடாது. ஆனால் தாங்கள் விற்பது எந்தப் பரீட்சைக்குரியது என்பதை மறைப்பதற்கு வில்லை அச்சடித்தவர்கள், பிள்ளையைப் பரீட்சைக்குப் பதிந்திருப்பார்கள் என்று எப்படி நம்புவது?

பதியவில்லை. மே - ஜூன் பருவத்துக்குப் பதிந்துவிட்டதாகச் சொல்லி, தங்கள் கடிதத்தலைப்பில் ஆறு இலக்கப் "பரீட்சார்த்தி எண்" ஒன்றை அனுப்பினார்கள். உண்மையான பதிவு அத்தாட்சி நிறுவனத்தின் கடிதமாக இருக்காது. அதில் பரீட்சை நிலையத்தின் ஐந்து இலக்க எண், பரீட்சார்த்தியின் நான்கு இலக்க எண், ஒவ்வொரு வினாத்தாளின் குறியீடு, திகதி ஆகியவை இருக்கும். இலங்கையில் தனிப்பட்ட பரீட்சார்த்திகள் இந்தப் பரீட்சைகளுக்குப் பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாகப் பதியலாம் என்பதை அறிந்து அங்கே விசாரித்தேன். மகனின் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. அந்தப் பருவத்துக்கான பதிவும் முடிந்திருந்தது. பெற்றோர் தாங்களே நேரடியாகச் செய்யக்கூடிய ஒரு வேலைக்கு நான் இடையில் ஆள் வைத்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், பற்றுச்சீட்டில் இருந்த வெள்ளவத்தை விலாசத்தைத் தேடினேன். மேல்மாடியில் நாள் வாடகைக்கு விடும் அறை அது. கீழே இருந்த கடைக்காரர், என்னைப் போல் அந்த மாதத்தில் வந்த மூன்றாவது ஆள் நான் என்றார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். இரண்டாவது தவணை ஜனவரியில் கட்டியது என்பதால் எனக்குக் காலம் தப்பவில்லை. முதல் தவணையோடு முடிந்திருந்தால் தப்பியிருக்கும். ஆகவே சந்தேகம் வந்த அன்றே எழுதுங்கள், அவர்கள் "அடுத்த மாதம்" என்பதற்குக் காத்திருக்க வேண்டாம். 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். முறைப்பாட்டின் பிரதியை நிறுவனத்துக்கு அனுப்பிய பத்தாம் நாள், எந்தச் செய்தியும் இல்லாமல் 30,000 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. அவ்வளவுதான் இதுவரை.

படிக்க விரும்பாத பிள்ளைக்கு இப்படியொன்றைத் தேடுகிறவர்கள் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பரீட்சை, எந்தக் குறியீடு, யார் பதிவார்கள் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். எடெக்செல்லின் பாடத்திட்ட ஆவணமும் பழைய வினாத்தாள்களும் புள்ளியிடும் திட்டங்களும் அவர்களுடைய இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எனக்கு விற்கப்பட்டவற்றுள் கால்வாசி அவற்றின் போட்டோப் பிரதிகளே. கணிதத்தில் அடிப்படை நிலை, உயர்நிலை என்று இரண்டு உண்டு. அடிப்படை நிலையில் அதிகூடிய பெறுபேறு 5 தான் என்றாலும், பழைய சீ தரத்துக்கு நிகரான 4 அதற்குள் அடங்கும். தயங்கும் பிள்ளைக்கு அது திறந்திருக்கும் வாசல். விற்றவர்கள் அதைப்பற்றி வாயே திறக்காமல் உயர்நிலைப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். எல்லாப் பாடங்களையும் ஒரே பருவத்தில் எழுத வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. ஏழு புத்தகங்களை ஒன்றாக இறக்கியதுதான் என் மகனை முதல் நாளே விரட்டியது.

இப்போது இரண்டே பாடங்கள்: கணிதமும் பௌதிகவியலும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தரம் 10, 11 விஞ்ஞானப் புத்தகங்கள் தமிழில் இலவசமாக இணையத்தில் உள்ளன. அமுக்கமோ விசையோ முதலில் அதில் வாசிக்கிறான், பிறகு அதே பகுதியை ஆங்கிலத்தில். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடங்களுக்கு மேல் இருக்கமாட்டான், சில நாட்களில் அதுவும் இல்லை. பதிவை நானே செய்வேன், அத்தாட்சி கையில் கிடைத்த பிறகுதான் கட்டாருக்குச் சொல்வேன்.

போன கிழமை மட்டக்களப்பிலிருந்து ஒரு சிநேகிதி துண்டுப்பிரசுரமொன்றைப் படமெடுத்து அனுப்பி, தன் மகளைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார். நிறுவனத்தின் பெயர் வேறு. காதில் ஹெட்போன் மாட்டிச் சிரிக்கும் அதே பையனின் படம், அதே இருபது கேள்விகள், பணம் கட்ட ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கு.