டிஎச்டி22-ஆ, பிஎம்இ280-ஆ? ரீடிங் நின்றுபோனால் எதைச் சரிசெய்வது சுலபம்

ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளை வைத்து வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கக் கிளம்பினால் கடைசியில் டிஎச்டி22, பிஎம்இ280 என்ற இந்த இரண்டு சென்சார்களில் ஒன்றில்தான் வந்து நிற்போம். நான் டிஎச்டி22-இலிருந்து பிஎம்இ280-க்கு மாறியவன், ஆகவே என் ஓட்டு எதற்கு என்பதில் ஒளிவுமறைவு இல்லை. துல்லியத்துக்காக மாறவில்லை. டேட்டாஷீட்படி ஈரப்பதத்தில் டிஎச்டி22-க்கு ±2 சதவீதம், பிஎம்இ280-க்கு ±3. காற்றழுத்தமும் தெரிவது பிஎம்இ280-இல் கூடுதல் லாபம், அவ்வளவுதான்.

மாற வைத்தது ஒரே விஷயம்: ரீடிங் நின்றுபோனால் காரணம் தெரிகிறதா?

டிஎச்டி22-க்கு ஒரே டேட்டா ஒயர். 40 பிட் அனுப்பும். லைன் ஹை வோல்டேஜில் சுமார் 26 மைக்ரோ விநாடி இருந்தால் 0, 70 இருந்தால் 1. வைஃபை ஓடும்போது நடுவில் ஒரு இன்டரப்ட் (போர்டு சட்டென்று வேறு வேலைக்குத் தாவுவது) புகுந்தால் இந்தக் கணக்கு தப்பி, செக்சம் (டேட்டா சரியாக வந்ததா என்று பார்க்கும் கூட்டுத்தொகை) பொருந்தாமல், சீரியல் மானிட்டரில் ‘என்ஏஎன்’ (NaN, அதாவது ‘எண் அல்ல’) என்று வரும். லைனை ஹை வோல்டேஜில் இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இல்லாவிட்டாலும் அதே என்ஏஎன். ஒயர் லூசானாலும் அதேதான், சென்சாரே செத்துப்போயிருந்தாலும் அதேதான். எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

பிஎம்இ280-ஐ ஐ2சி-யில் (இரண்டு ஒயரில் சிப்கள் பேசிக்கொள்ளும் முறை) மாட்டினால் படிப்படியாகத் தேடலாம். முதலில், எந்த அட்ரஸில் சென்சார் இருக்கிறது என்று தேடும் ஐ2சி ஸ்கேனர் ஸ்கெட்ச்சை (ப்ரோகிராமை) ஓட்டுங்கள். ஹெக்ஸ் (16 அடிமான எண்) 76 அல்லது 77 வந்தால் ஒயரிங் சரி. அடாஃப்ரூட் நிறுவனத்தின் பிஎம்இ280 லைப்ரரி நாம் எதுவும் சொல்லாவிட்டால் 77-இல் தேடும், மலிவு மாட்யூல்கள் பலவும் 76-இல் இருக்கும். கோடில் அட்ரஸை மாற்றினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஸ்கேனரில் ஒன்றுமே வரவில்லையா, மல்டிமீட்டரை எடுங்கள். ஐ2சி பஸ் சும்மா இருக்கும்போது அதன் ஒயர்களான எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்) இரண்டிலும் 3.3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இரண்டுமே காட்டாவிட்டால் புல்-அப்பையும் பவரையும் பாருங்கள். எஸ்டிஏ மட்டும் பூஜ்யத்தில் கிடந்தால், பாதிப் பேச்சில் போர்டு ரீசெட் ஆகி, சென்சார் லைனைக் கீழே பிடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். எஸ்சிஎல்-இல் 9 கிளாக் துடிப்பு வரை கொடுத்தால் விட்டுவிடும், அல்லது சென்சாரின் பவரையே எடுத்துவிட்டுக் கொடுங்கள். போர்டின் ரீசெட் பட்டனை அழுத்தினால் மட்டும் போகாது, ஏனென்றால் சென்சாருக்குப் பவர் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அட்ரஸ் வருகிறது, ஆனால் லைப்ரரி சென்சார் இல்லை என்கிறதா? சிப் எது என்று சொல்லும் ஐடி ரெஜிஸ்டரைப் படியுங்கள். ஹெக்ஸ் 60 என்றால் பிஎம்இ280. 58 என்றால் உங்கள் கையில் இருப்பது பிஎம்பி280, ஈரப்பதம் அளக்கவே அளக்காது. பார்க்க இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் வாங்கியதுமே இதைச் செய்து பார்த்துவிடுவது நல்லது.

5 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ யூனோ போர்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தச் சிப் 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மாட்யூலில் ரெகுலேட்டரும், சிக்னல் வோல்டேஜை ஒத்துப்போக வைக்கும் லெவல் ஷிஃப்டரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 5 வோல்ட் கொடுங்கள்.

ஒயர் நீளத்தில் மட்டும் டிஎச்டி22-க்குத்தான் சாதகம். ஐ2சி பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சிப்களுக்காக வந்தது, ஒயர் நீள நீள கெப்பாசிட்டன்ஸ் ஏறி சிக்னல் மழுங்கும். என் சென்சார் போர்டுக்கு அருகிலேயே இருப்பதால், மாடிவரை ஒயர் இழுப்பவர்களுக்கு அனுபவத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது. அப்படி இழுப்பதாக இருந்தால் டிஎச்டி22-ஐயே வையுங்கள்: டேட்டா லைனுக்கும் விசிசி-க்கும் (பவர் பின்) நடுவே 4.7 கிலோ ஓம் புல்-அப், ஒவ்வொரு ரீடிங்குக்கும் இடையே 2 விநாடி, என்ஏஎன் வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த முறை கேட்கும்படி கோடு.