1915 உதவி எண்ணும் இ-ஜாக்ரிதியும்: அப்டேட்டில் பறிபோன வசதியை மீட்டுத் தருமா?

காரைக்குடி செக்காலை ரோட்டில் டிவி வாங்கும்போது அட்டைப்பெட்டியில் அச்சாகியிருந்த வசதி, ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிய அப்டேட்டில் காணாமல் போகிறது. கடைக்காரர் "கம்பெனியைக் கேளுங்க" என்கிறார். கம்பெனியோ "சாஃப்ட்வேர் பாலிசி" என்கிறது. 2010 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3 கேம் கருவியில் லினக்ஸ் இயங்குதளம் போடும் வசதியை சோனி 3.21 அப்டேட்டில் எடுத்தபோது அமெரிக்காவில் வழக்கு வருடக்கணக்கில் ஓடியது. நமக்கு இருப்பது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், நுகர்வோர் வழக்கை ஆன்லைனில் போட 2025 ஜனவரி 1-ல் வந்த இ-ஜாக்ரிதி தளமும்.

1915-ல் தமிழிலேயே பேசலாம். புகாருக்கு டாக்கெட் எண் தந்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். டெலிவரி வரவில்லை, பேனல் உடைந்து வந்தது என்றால் நல்ல சேவை. பறிபோன வசதிக்கு மட்டும் இது போதாது, ஏனென்றால் உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. "வசதிகள் முன்னறிவிப்பின்றி மாறலாம்" என்ற பதிலோடு புகார் மூடப்படலாம். அந்தப் பதிலைத் தூக்கி எறியாதீர்கள். வசதியை எடுத்தது நாங்கள்தான் என்று கம்பெனியே ஒப்புக்கொள்ளும் காகிதம் அது. 1915-ல் புகார் இருப்பதால் வழக்குக்கான இரண்டு வருடக் கெடு நிற்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

உண்மையான பலம் இ-ஜாக்ரிதி வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதில்தான். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் மனுவில் எந்தப் பிரிவை எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(10) பிரிவு, விற்பவர் எந்த விதத்திலாவது சொன்ன தரத்தில் குறை இருந்தாலே அது குறைபாடு என்கிறது. இதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், கூடவே 2(47), நியாயமற்ற வணிக நடைமுறை. 'பொருள் பொறுப்பு' (பொருளால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு) என்று எழுதினால் வழுக்கும்: பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை அந்த அத்தியாயம் கணக்கில் எடுக்காது. 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று எழுதினால் விஷயம் மாவட்ட ஆணையத்தின் வரம்பைத் தாண்டி மாநில ஆணையத்துக்குப் போய்விடும். வாரன்டி முடிந்துவிட்டது என்ற பதிலுக்கும் மயங்க வேண்டாம். இங்கே எதுவும் தானாகப் பழுதாகவில்லை, எடுத்திருக்கிறார்கள்.

பெரும்பாலான மனுக்கள் பலவீனப்படும் இடம் ஆதாரம். பில், பெட்டியின் நான்கு பக்கப் படம், செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் தெரியும் சாஃப்ட்வேர் வெர்ஷன், வசதியைக் காட்டும் விளம்பரப் பக்கம், எல்லாம் தேதியோடு வேண்டும். கம்பெனி அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டால் இணையக் காப்பகத்தில் பழைய பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்கிரீன்ஷாட்களுக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63(4)-ன்படி மின்னணு ஆவணச் சான்று இணைத்துவிட்டால் ஆட்சேபத்துக்கு இடம் குறையும்.

சர்வீஸ் ஆள் வீட்டுக்கு வந்தால் அவர் வேலை விவரம் எழுதும் ஜாப் ஷீட்டைக் கவனியுங்கள். "செட் ஓகே" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார். "இன்ன வசதி வாங்கும்போது இருந்தது, இந்த வெர்ஷனுக்குப் பிறகு இல்லை" என்று உங்கள் கையால் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒரு வரிக்காகவே அவரை வரவழைக்கலாம்.

எதிர்தரப்பில் கடை, கம்பெனி இரண்டையும் சேருங்கள். முதலில் வசதியைத் திருப்பிக் கேளுங்கள், முடியாவிட்டால் மாற்றுப் பொருள், அதுவும் இல்லையென்றால் வட்டியோடு பணம்.

காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு சிவகங்கை ஆணையம், பொன்னமராவதி பக்கம் புதுக்கோட்டை. பூர்வீக வீட்டில் அப்பத்தா பார்க்கும் டிவியைச் சென்னையிலிருக்கும் பேரன் வாங்கியிருந்தால், அவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்பதால் அப்பத்தாவே போட்டாலும் செல்லும்.

பெரிய வீட்டை ஹெரிடேஜ் ஹோட்டலாக மாற்றி, அறைக்கு ஒரு டிவி வாங்கியவர்களுக்கு இந்த வழி கடினம். வணிக நோக்கத்துக்கு வாங்கியது என்று தள்ளிவிடுவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு, அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும்.

வழக்கை முடிக்கச் சட்டம் சொல்லும் காலம் 3 மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் 5. நடைமுறையில் அதற்குள் முடியும் என்று நம்பியிருக்க வேண்டாம். சிவகங்கைக்கு அலைய முடியாதவர்கள் வீடியோ விசாரணை கேட்டு மனுவோடு சேர்த்தே விண்ணப்பியுங்கள், 38(6) பிரிவு அதற்கு இடம் தருகிறது.