எஸ்மாடல்ஸ்: சூப்பர்சிமெட்ரி புராஜெக்டுக்கு நம்பி எடுக்கலாம்

செங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகளின் புராஜெக்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன். சூப்பர்சிமெட்ரி (நமக்குத் தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் இன்னும் கண்டுபிடிக்காத ஒரு கூட்டாளித் துகள் உண்டு என்னும் கோட்பாடு) என்றாலே அது பெரிய ஆய்வகங்களில் இருப்பவர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையே இல்லை என்று சொல்ல வைத்த மென்பொருள் இது. இலவசம், பைத்தானில் ஓடுகிறது.

குறைந்தபட்ச சூப்பர்சிமெட்ரி மாடலிலேயே நூற்றுக்கு மேல் கட்டற்ற அளவுருக்கள், சுருக்கினாலும் 19. அவற்றுக்கு ஒரு தொகுதி மதிப்புகள் கொடுத்தால் அது ஒரு 'புள்ளி'; அப்படி ஒவ்வொரு புள்ளிக்கும் புரோட்டான் மோதல்களை சிமுலேட் செய்து பார்ப்பதென்றால் நம் கல்லூரி லேப் தாங்காது. எஸ்மாடல்ஸ் அந்த வேலையே வைப்பதில்லை. துகள்களின் நிறை, சிதைவு, உற்பத்தி வீதம் எல்லாம் உள்ள ஒரு கோப்பைக் கொடுத்தால், மாடலைச் சின்னச் சின்ன சிதைவுச் சங்கிலிகளாகப் பிரித்து, செர்ன் ஆய்வகத்தின் புரோட்டான் மோதல்களைப் பதிவுசெய்யும் அட்லஸ், சிஎம்எஸ் சோதனைகள் வெளியிட்ட வரம்புகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிடுகிறது, பழைய லேப்டாப்பிலும் சட்டென்று முடிகிறது.

முடிவு 'ஆர்' என்ற ஒரே எண்ணில் வரும்: மாடல் கணிக்கும் வீதத்தைச் சோதனை அனுமதிக்கும் உச்ச வரம்பால் வகுத்தது. 1-ஐத் தாண்டினால் அந்தப் புள்ளி அவுட். எந்த ஆய்வு அதை அடித்தது என்பதும் கூடவே வரும், எனக்குப் பிடித்ததே அதுதான். ஆரியங்காவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி குளுயினோவின் (குளுவான் துகளின் கூட்டாளி) நிறையை 1.8 டெரா எலக்ட்ரான்வோல்ட்டிலும், அது சிதைந்து கடைசியில் மிஞ்சும் நியூட்ரலினோவின் நிறையை 0.1-லும் வைத்தாள், உடனே அவுட். அப்புறம் குளுயினோவைத் தொடாமல் நியூட்ரலினோவை மட்டும் 1.6-க்கு ஏற்றினாள், ஆர் 1-க்குக் கீழே இறங்கிவிட்டது. "சார், கனமான துகள் அப்படியேதானே இருக்கு, எப்படித் தப்பிச்சுது?" என்றாள். இரண்டுக்கும் நிறை வித்தியாசம் குறைந்தால் சிதைவில் வெளிவரும் ஜெட்டுகளுக்கு (துகள் கொத்துகளுக்கு) ஆற்றல் குறைந்துபோகும், பின்னணி இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பது கஷ்டம். நான் போர்டில் எத்தனை முறை சொன்னாலும் அந்த எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்த மாதிரி வராது.

குறையும் உண்டு. உற்பத்தி வீதத்தைக் கணக்கிடும் பகுதிக்கு ஃபோர்ட்ரான் கம்பைலர் வேண்டும், அதனால் உபுண்டு போட்டுக்கொள்வது நல்லது. முதல் தடவை தரவுத்தளம் டவுன்லோடு ஆகும், சாரல் காலத்தில் மலையடிவாரத்து மொபைல் நெட்டை நம்பாமல் கல்லூரி வைஃபையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது: ஆர் 1-க்குக் கீழே இருந்தால் புள்ளி பிழைத்துவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். ஒரு துகள் பல வழிகளில் சிதையும்போது ஒவ்வொரு வழிக்கும் பங்கு குறைவு, தனித்தனியாக ஒப்பிட்டால் எதுவுமே வரம்பைத் தொடாமல் போகலாம். எந்தச் சங்கிலிகளுக்கு ஆய்வே இல்லை என்பதையும் மென்பொருளிலேயே பட்டியல் எடுக்கலாம், அதை அவசியம் படியுங்கள். ஹிக்ஸ் நிறை 125 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் வருகிறதா, கரும்பொருள் அடர்த்தி 0.12-ஐ ஒட்டி இருக்கிறதா என்பதெல்லாம் இதன் வேலை இல்லை. கரும்பொருளுக்கு மைக்ரோமெகாஸ் என்ற வேறொரு மென்பொருளைத் தனியாக ஓட்ட வேண்டும்.

தரவுத்தளத்தின் பதிப்பு எண்ணையும் குறித்து வையுங்கள், பழைய பதிப்பில் தப்பித்த புள்ளி புதியதில் அவுட் ஆகலாம்.